பழுது பார்த்தார்கள், பாட்டரி செத்தது!

வண்டியில் தயாரிப்புக் குறை இருந்தால் கம்பெனியே கூப்பிட்டு, தன் செலவில் மாற்றித் தருவது நல்ல வழக்கம். அதைக் குறை கூற நான் வரவில்லை. மாற்றியவர்கள் மாற்றிய பிறகு சோதித்தார்களா என்பதே என் கேள்வி.

சென்ற மழைக்காலத்தில் எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்தது. ஓய்வு நாளில் வண்டியை விற்பனையாளரிடம் விட்டேன். பெட்ரோல் டேங்கைக் கழற்றி ஒயரிங்கை மாற்றினார்கள். மாலையில் துடைத்துப் பளபளவென்று கொடுத்தார்கள். பதினோராம் நாள் இரவு, டியூட்டி முடிந்து வருகையில் டாக்குரியா பாலத்தின் மேல் விளக்கு மங்கியது, வண்டி நின்றது. மழையில் 8பி பஸ் நிலையம் வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

"பாட்டரிக்கு வயதாகிவிட்டது சார்" என்றார் விற்பனையாளர். 1,850 ரூபாய்க்குப் புதிது வாங்கினேன். இரண்டே வாரத்தில் அதுவும் படுத்துவிட்டது. பிறகுதான் சுலேகா சந்திப்பில் நடைபாதையில் கடை போட்டிருக்கும் மெக்கானிக்கிடம் போனேன். அவர் முதலில் பாட்டரியைத் தொடவில்லை. எஞ்சினை ஓடவிட்டு மீட்டரை வைத்தார். 12.1 காட்டியது. "சார்ஜ் ஹோச்சே நா, தாதா" என்றார். சார்ஜ் ஏறவே இல்லையாம்.

விஷயம் இதுதான். எஞ்சின் சுற்றும்போது காந்தமும் சுற்றி, கம்பிச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அது மூன்று மஞ்சள் கம்பிகள் வழியே ரெகுலேட்டருக்குப் போய், நேர்மின்சாரமாகி, பாட்டரிக்கு ஏறுகிறது. அந்த மூன்று கம்பிகளின் இணைப்பை முழுக்க அழுத்தி மாட்டாமல் விட்டிருந்தார்கள். தளர்ந்த இணைப்பு சூடாகும். சூடானால் பிளாஸ்டிக் உருகும். உருகினால் இன்னும் தளரும். என் வண்டியில் அது கருகிக் கிடந்தது. பாட்டரி குற்றமற்றது. தண்டனை மட்டும் அதற்கும் என் பைக்கும்!

முன்பெல்லாம் பாட்டரி செத்தாலும் பல வண்டிகளை உதைத்துக் கிளப்பி வீடு வந்து சேரலாம். இன்று அது நடக்காது. 2017 ஏப்ரல் முதல் வரும் புது இருசக்கர வண்டிகளில் பகலிலும் முன்விளக்கு எரிந்தபடியே இருக்கும். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்த பின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுவதே மின்சாரப் பம்புதான். சார்ஜ் ஏறாவிட்டால் வண்டி நடுத்தெருவில் நிற்கும். இரவு டியூட்டி குமாஸ்தாவுக்கும், விடியற்காலையில் லேக் மார்க்கெட்டுக்கு இட்லி மாவு கொண்டுபோகும் அன்பருக்கும் இது வெறும் எரிச்சல் அல்ல. ஒரு நாள் வருமானம்.

நம் ஊர்க் கம்பெனி ஒன்றின் உதாரணத்தைப் பாருங்கள். என் வண்டி அவர்களுடையது அல்ல. 2021 மே மாதம் ராயல் என்பீல்டு 2,36,966 மோட்டார் சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. 2020 டிசம்பருக்கும் 2021 ஏப்ரலுக்கும் இடையே தயாரானவை. இக்னிஷன் காயிலில் குறை. இந்தியாவோடு தாய்லாந்து, மலேசியா, ஆஸ்திரேலியா உள்ளிட்ட ஏழு நாடுகளில் விற்ற வண்டிகள். பத்தில் ஒன்றுக்கும் குறைவான வண்டிகளுக்கே பாகம் மாற்ற வேண்டியிருக்கும் என்று கம்பெனியே சொன்னது. தானாக முன்வந்து சொன்னது பாராட்டத்தக்கதே. ஆனால் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகளைப் பார்ப்பது எத்தனை ஊர்களில், எத்தனை பையன்களின் கையில் விழும் வேலை! சென்னையில் நல்ல எண்ணத்தோடு போடும் உத்தரவை, கடைசியில் ஒரு பயிற்சிப் பையனின் கட்டைவிரல்தான் நிறைவேற்றுகிறது.

நான் வேலை பார்க்கும் ரயில்வேயில் இதற்கு ஒரு விதி உண்டு. சிக்னல் சாதனம் ஒன்றைத் துண்டிப்பதற்கு முன் ஸ்டேஷன் மாஸ்டரிடம் டி/351 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். வேலை முடிந்ததும் திரும்ப இணைத்து, சோதித்துக் காட்டி, கையெழுத்தாக வேண்டும். 'வேலை முடிந்தது' என்ற வாய்ச்சொல்லுக்கு அங்கே மதிப்பில்லை. அந்த விதி இருந்தும் 2023 ஜூன் 2 அன்று பாலசோர் அருகே பஹநாகா பஜாரில் நடந்ததை நாம் மறக்க முடியாது. ஷாலிமாரிலிருந்து சென்னைக்குப் போன கோரமண்டல் எக்ஸ்பிரஸ் பக்கப் பாதையில் புகுந்து சரக்கு வண்டியில் மோதியது. 290-க்கு மேற்பட்டோர் மாண்டனர். முன்பு சிக்னல் சர்க்யூட்டில் செய்த மாற்றத்திலும், லெவல் கிராசிங் கேட்டை மாற்றும் வேலையிலும் நேர்ந்த தவறுகளே காரணம் என்று ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரணை கண்டது. பழுது பார்க்கத் தொட்ட கையே பழுதாக்கியது. மோட்டார் சைக்கிளை அதோடு ஒப்பிடுவது மிகைதான். ஆனால் கம்பி கம்பிதானே.

ஆகவே, திரும்ப அழைத்துச் செய்யும் வேலை முடிந்ததும் மீட்டர் அளவை ஜாப் கார்டில் எழுதித் தரும்படி கேளுங்கள். எஞ்சின் நின்றிருக்கும்போது நல்ல பாட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்கும். விளக்கு எரிய, சற்று வேகமாக ஓடவிட்டால் 13.5 முதல் 14.5 வரை வர வேண்டும். பதினைந்தைத் தாண்டினால் ரெகுலேட்டரில் கோளாறு. இதற்கு இரண்டு நிமிடம் கூட ஆகாது. "இலவச வேலைதானே" என்று முணுமுணுத்தால் விடாதீர்கள். நாம் கொடுத்த விலையில் அதுவும் அடக்கம்.

வண்டியை மதுரையிலோ திருச்சியிலோ வாங்கி, ரயிலில் பார்சலாக இங்கே கொண்டுவந்தவர்கள் நம்மில் பலர். வாங்கிய ஊரில்தான் வழக்குப் போட வேண்டும் என்று எண்ணி வாய் மூடியிருக்கிறார்கள். அது தவறு. 2020 ஜூலை 20 முதல் நடப்புக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் ஊரின் மாவட்ட ஆணையத்திலேயே புகார் தரலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். முதலில் 1915 என்ற எண்ணுக்குப் பேசிப் பார்க்கலாம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 110-ஏ பிரிவும் 2021 ஏப்ரல் முதல் அமலில் உள்ளது. குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும்படி அரசே உத்தரவிடலாம். கம்பெனிக்கு அபராதம் பத்து லட்சம் முதல் ஒரு கோடி வரை. அந்த விதிகளில் ஒரு வரி சேர வேண்டும்: வேலைக்குப் பின் சோதனை, சோதனைக்குப் பின் கையெழுத்து.

கருகிய இணைப்பை நான் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு விற்பனையாளரிடம் போனேன். ஐந்து நிமிடம் பார்த்தார்; புது இணைப்பு போட்டுத் தந்தார். ஜாப் கார்டில் 14.1 என்று எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். பாட்டரிக்குக் கொடுத்த 1,850 ரூபாய் இன்னும் வரவில்லை. மனு கொடுத்திருக்கிறேன், தீப்பெட்டி பத்திரமாக இருக்கிறது.