கம்பெனி போய்விட்டால் கார் என்ன ஆகும்?

பழைய கார் வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு எச்சரிக்கை

சொந்தமாக ஒரு கார் வேண்டும். கையில் இருப்பதோ 3 லட்சம் ரூபாய். புதிய காருக்கு அது போதாது. பழைய காராவது வாங்கலாம் என்று ஒரு குடும்பம் புறப்படுகிறது.

கடையில் இரண்டு கார்கள் நிற்கின்றன. இரண்டுக்கும் ஒரே வயது. ஒன்று பெரிய கார். பளபளப்பாக இருக்கிறது. விலையும் குறைவு! மற்றொன்று சின்ன கார். விலை கூடுதல்.

பெரிய கார் ஏன் மலிவு? அதைச் செய்த கம்பெனி, இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திவிட்டது. அதுதான் காரணம்.

அப்படிப்பட்ட காரை வாங்கலாமா? இன்று பல குடும்பங்களில் எழும் கேள்வி இது.

மறைமலைநகர் கதை

போர்டு, அமெரிக்காவின் பெரிய கார் கம்பெனி. சென்னைக்குத் தெற்கே மறைமலைநகரில் தொழிற்சாலை அமைத்தது. 1999-ம் ஆண்டு ஐகான் கார் வந்தது. 2010-ல் பீகோ, 2013-ல் எக்கோஸ்போர்ட். நல்ல உறுதியான வண்டிகள் என்று பெயர் வாங்கின.

ஆனால், கணக்குப் புத்தகம் வேறு கதை சொன்னது. 10 ஆண்டுகளில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்! 2021-ம் ஆண்டு செப்டம்பர் 9-ந் தேதி, இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப் போவதாக போர்டு அறிவித்தது. சுமார் 4 ஆயிரம் தொழிலாளர்களின் பிழைப்பில் இடி விழுந்தது. மறுவருடம் மறைமலைநகரில் கார் உற்பத்தி நின்றது.

போர்டுக்கு முன்பே செவ்ரலே போய்விட்டது. 2017-ம் ஆண்டு இறுதியோடு அது இங்கே விற்பனையை நிறுத்திக்கொண்டது.

"போர்டு திரும்பி வருகிறதாமே?" என்று கேட்கலாம். உண்மைதான். மறைமலைநகர் தொழிற்சாலையை மீண்டும் திறக்க 2024-ல் தமிழக அரசாங்கத்திடம் விருப்பம் தெரிவித்தது. 3,250 கோடி ரூபாய் செலவில், 2029 முதல் அங்கே என்ஜின் செய்யப் போவதாக 2025-ல் ஒப்பந்தமும் ஆயிற்று. வேலை தேடும் இளைஞர்களுக்கு இது நல்ல செய்தி. ஆனால், அந்த என்ஜின்கள் வெளிநாட்டுக்குப் போவதற்கு. நம் ஊரில் ஓடும் பழைய பீகோவுக்கு அல்ல!

அம்பாசடர் மட்டும் எப்படி ஓடியது?

"அம்பாசடர் உற்பத்தியும் 2014-ல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகும் அந்த வண்டிகள் ஓடவில்லையா?" என்று சிலர் வாதிப்பார்கள்.

ஓடின. காரணம் என்ன? அம்பாசடர் எளிமையான வண்டி. 50 ஆண்டுகளுக்கு மேல் பெரிய மாறுதல் இல்லாமல் வந்தது. சின்ன ஊர் மெக்கானிக்குக்கும் அதன் நாடி நரம்பு தெரியும். உடைந்த சாமானை லேத் பட்டறையில் கடைந்துகூட மாட்டிவிடுவார்.

இன்றைய கார் அப்படி அல்ல. என்ஜினை நடத்துவது ஒரு சிறிய கம்ப்யூட்டர் பெட்டி. பிரேக்குக்கு, காற்றுப் பைக்கு என்று தனித்தனி மின்கருவிகள். கோளாறு என்ன என்று கண்டுபிடிக்கவே ஒரு கருவி வேண்டும். சுத்தியலும் ஸ்பேனரும் போதாது.

எனவேதான், கம்பெனி போய்விட்டால் அந்தக் காலத்தைவிட இந்தக் காலத்தில் கஷ்டம் அதிகம்.

போர்டும் செவ்ரலேயும் உதிரிப்பாகமும் சர்வீசும் தொடரும் என்று அறிவித்தன. ஆயில் பில்டர், பிரேக் பேடு போன்றவற்றை வேறு கம்பெனிகளும் செய்கின்றன. அவற்றுக்குக் கவலை இல்லை. தட்டுப்பாடு வருவது முகப்பு விளக்கு, கதவு, கண்ணாடி, கம்ப்யூட்டர் பெட்டி போன்றவற்றுக்குத்தான். ஒரு சின்ன மோதல் போதும். வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கும்.

சின்ன கார் எங்கே போயிற்று?

1983-ம் ஆண்டு டிசம்பர் 14-ந் தேதி முதல் மாருதி 800 காரின் சாவியை பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். நடுத்தரக் குடும்பத்தின் கார் கனவு அன்று தொடங்கியது. 1998-ல் சென்னைக்கு அருகிலிருந்து ஹூண்டாயின் சான்ட்ரோ வந்தது.

இப்போது காற்று மாறி அடிக்கிறது. 2024-25 நிதி ஆண்டில் இந்தியாவில் சுமார் 43 லட்சம் பயணிகள் வண்டிகள் விற்றன. அதில் 100-க்கு 65, உயரமான பெரிய ரக வண்டிகள்.

கம்பெனிகளுக்குப் பெரிய வண்டியில்தான் லாபம் அதிகம். சின்ன காரிலோ செலவு ஏறிவிட்டது. காற்றுப் பை கட்டாயம் ஆயிற்று. 2020 ஏப்ரல் முதல் புகைக் கட்டுப்பாடும் கடுமையாயிற்று. விலை ஏறியது. ஏழை எளிய குடும்பங்கள் பழைய கார் பக்கம் திரும்பின.

2025 செப்டம்பர் 22 முதல் சர்க்கார் சின்ன கார்களின் வரியைக் குறைத்தது. சின்ன பெட்ரோல் காருக்கு 29 சதவீதமாக இருந்த வரி, 18 சதவீதம் ஆயிற்று. ஆகவே, பழைய காருக்கு முன்பணம் கொடுக்கும் முன், அதே ரகப் புதிய காரின் விலையையும் ஒரு தடவை விசாரியுங்கள். வித்தியாசம் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கலாம்.

என்ன பார்க்க வேண்டும்?

பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். தரை விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உள்ளே சேறு இருக்கிறதா? ஆசனத்தின் அடியில் உள்ள கம்பிகளில் துரு ஏறி இருக்கிறதா? இருந்தால் அது வெள்ளத்தில் மூழ்கிய காராக இருக்கலாம். சென்னையில் 2015-லும் 2023-லும் கார்கள் வெள்ளத்தில் மூழ்கியது நினைவு இருக்கும்.

ஓடிய கிலோமீட்டரைக் காட்டும் மீட்டரைத் திருத்துவோரும் உண்டு. சர்வீஸ் ரசீதுகளைக் கேளுங்கள். மீட்டர் 40 ஆயிரம் காட்டும்போது, பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

வங்கிக் கடன் பாக்கி உண்டா என்று ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். 15 ஆண்டு ஆகப்போகும் காருக்கு, பதிவைப் புதுப்பிக்கும் செலவையும் கணக்கில் சேருங்கள்.

விற்பவருக்கும் ஆபத்து!

காரை விற்றுப் பணம் வாங்கியதும் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறவேண்டும்.

பல கை மாறிய ஒரு கார், விபத்தில் சிக்கியது. ஆர்.சி.யில் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்தது. யார் நஷ்டஈடு கொடுப்பது? 2018-ம் ஆண்டு சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ, அவரே பொறுப்பு!

எனவே, விற்பவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் 30 நாட்களுக்குள் பெயர் மாற்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். இன்சூரன்சையும் உடனே மாற்றிக்கொள்ள வேண்டும்.

முடிவு என்ன?

கம்பெனி போய்விட்ட காரை வாங்கவே கூடாது என்பது இல்லை. உங்கள் ஊரில் அந்த வண்டியை அறிந்த மெக்கானிக் இருக்கிறாரா? கண்ணாடியும் விளக்கும் எத்தனை நாளில் கிடைக்கும்? பணம் கொடுக்கும் முன் அவரிடமே நேரில் கேளுங்கள். பதில் திருப்தி என்றால், பாதி விலையில் நல்ல கார் கிடைத்த மாதிரி. இரண்டாவது வண்டியாக வைத்திருப்பவருக்கும் அது பொருந்தும்.

ஆனால், இருப்பதே ஒரு கார். ஆஸ்பத்திரிக்கும் அதுதான், பிழைப்புக்கும் அதுதான் என்ற குடும்பத்துக்கு அது ஆகாது. அவர்கள் 30 ஆயிரம் கூடக் கொடுத்தாலும், பக்கத்து ஊரில் பட்டறை உள்ள சின்ன காரை வாங்குவதே புத்திசாலித்தனம்.