எழுதினோம், வாசித்துப் பார்க்கவில்லை

பழைய சம்பளக் கணக்கைத் தேடி ஒரு பெரியவர் எங்கள் கணினிப் பிரிவுக்கு மூன்று முறை வந்தார். எங்கள் நிறுவனத்தில் ஒப்பந்தத்தில் காவல் வேலை பார்த்தவர். வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் 2012-ஆம் ஆண்டில் ஆறு மாதங்கள் விடுபட்டிருந்தன. "உங்க மெஷின்ல எல்லாம் இருக்கும்னு ஆபீஸ்ல சொன்னாங்க தம்பி" என்றார். நாங்களும் அப்படித்தான் நம்பினோம். மாதம் தவறாமல் டேப்பில் பேக்கப் எடுத்திருக்கிறோம். பீரோ நிறைய கேட்ரிட்ஜ்கள் இருக்கின்றன. முதல் முறை "அடுத்த வாரம் வாங்க ஐயா" என்றோம். இரண்டாம் முறையும் அதையே சொன்னோம். மூன்றாம் முறை அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அதன் பிறகு நாங்கள் ஏழு பேரும் உட்கார்ந்து பேசினோம். அந்தப் பேச்சிலிருந்து எழுதியது இது. இதில் யார் பெயரும் இல்லை. பத்தாண்டுகளுக்கு மேலாக அந்தப் பீரோவை எல்லோரும் திறந்திருக்கிறோம், எல்லோரும் மூடியிருக்கிறோம். தவறும் எல்லோருடையதுதான்.

முதல் தவறு லேபிள். பீரோவில் இருந்தவை எல்டிஓ என்ற காந்த நாடா வகையின் ஐந்தாம் தலைமுறையான எல்டிஓ-5 கேட்ரிட்ஜ்கள், ஒவ்வொன்றும் 1.5 டெராபைட் கொள்ளும். அவற்றின் மேல் மார்க்கர் பேனாவில் எழுதியிருந்தவை: "மன்த் எண்ட்", "புதுசு", "டெஸ்ட் – அழிக்க வேண்டாம்". எந்த மாதக் கடைசி, எந்த ஆண்டு? எழுதியவருக்குத் தெரியும். அவர் வேலையை விட்டுப் போனபோது அந்த அறிவும் அவரோடு போய்விட்டது. கேட்ரிட்ஜின் முன்பக்கத்தில் லேபிளுக்கென்றே ஒரு பள்ளம் இருக்கிறது. ஆறு எழுத்து அல்லது எண், கடைசியில் தலைமுறையைச் சொல்லும் 'எல்5' போன்ற இரண்டு, மொத்தம் எட்டு குறிகள் கொண்ட பார்கோடு ஒட்ட வேண்டிய இடம் அது. அந்த எண்ணுக்கு நேரே உள்ளடக்கம், தேதி, எழுதிய மென்பொருள், இருக்கும் இடம் ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். நாங்கள் பதிவேடு வைக்கவில்லை. பள்ளத்தை விட்டுவிட்டு மேல்புறத்தில் காகிதத்தை ஒட்டினோம். பழையதைப் பிய்க்காமல் அதன் மேலேயே புதியதை ஒட்டினோம். ஒரு முறை வெப்பத்தில் பசை இளகி, காகிதம் டிரைவுக்குள்ளே மாட்டிக்கொண்டது. அன்றாவது விழித்திருக்கலாம். கேட்ரிட்ஜை உருவியெடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனோம்.

இரண்டாவது தவறு கையாண்ட விதம். எல்டிஓ கேட்ரிட்ஜுக்குள் இருப்பது ஒரே ஒரு சுருள். அரை அங்குல அகலத்தில், எல்டிஓ-5 என்றால் 846 மீட்டர் நீளத்தில், 6.4 மைக்ரான் கனத்தில் ஒரு நாடா. தலைமுடியின் கனத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அதன் நுனியில் உள்ள சிறு ஊசியைப் பிடித்துத்தான் டிரைவ் நாடாவை வெளியே இழுக்கிறது. கேட்ரிட்ஜ் கீழே விழுந்தால் அந்த ஊசி இடம் பெயரலாம். சுருளின் விளிம்பு நசுங்கலாம். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. விழுந்த கேட்ரிட்ஜைத் துடைத்து மறுபடி அடுக்கில் வைத்திருக்கிறோம். பெட்டியில் போட்டு நிமிர்த்தி வைக்க வேண்டியவற்றைச் செங்கல் போலப் படுக்கையாக அடுக்கினோம். ஒரு பிரதி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும் என்று ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து எடுத்துப் போனோம். சித்திரை வெயிலில் அந்த டிக்கி அடுப்பாக இருக்கும். போனவுடன் ஏசி அறையில் டிரைவில் போட்டோம். சூழல் மாறி வரும் டேப்பை 24 மணி நேரமாவது புதிய அறையில் வைத்திருந்து பிறகே ஓட்ட வேண்டும் என்பது படித்தறிந்த பாடம்தான்.

நீண்ட காலச் சேமிப்புக்குச் சுமார் 16 முதல் 25 டிகிரி வெப்பமும் 20 முதல் 50 சதவீத ஈரப்பதமும் வேண்டும் என்பார்கள். முறையாகக் காத்தால் முப்பது ஆண்டு வரை தாங்கும் என்பது தயாரிப்பாளர்கள் தரும் கணக்கு. சென்னையின் கடற்காற்றில் அந்த ஈரப்பதம் தானாக வராது. எங்கள் பீரோவோ சர்வர் அறைக்கு வெளியே, மாலை ஆறு மணிக்கு ஏசி நிற்கும் நடையில் இருந்தது. முப்பது ஆண்டு என்பதைச் சொல்லிக்கொண்டோம். "முறையாகக் காத்தால்" என்பதைச் சொல்ல மறந்தோம்.

டிரைவின் தலையைத் துடைக்கும் கிளீனிங் கேட்ரிட்ஜ் ஐம்பது முறைக்குத்தான் பயன்படும். நாங்கள் எண்ணவே இல்லை. தீர்ந்துபோன ஒன்றையே திரும்பத் திரும்பப் போட்டுவிட்டு, துடைத்துவிட்டதாக நினைத்தோம்.

மூன்றாவது தவறு, மறைக்க முடியாதது. புதிய டேப் வாங்காத ஒரு மாதத்தில், "புதுசு" என்று எழுதியிருந்த ஒன்றின் மேல் பேக்கப் எடுத்தோம். அது 2012-இன் இரண்டாம் பாதி என்று இப்போது தெரிகிறது. ஆண்டு முடிந்ததும் அதன் எழுத்துத் தடுப்புத் தாழ்ப்பாளை விரலால் ஒரு முறை நகர்த்தியிருந்தால் டிரைவே எழுத மறுத்திருக்கும். மேலே கொஞ்சம்தானே எழுதினோம், மிச்சம் இருக்குமே என்று முதலில் ஆறுதல்பட்டோம். புதிய பதிவு முடிந்த இடத்தைத்தான் டிரைவ் டேப்பின் முடிவாக எடுத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் பழைய தரவு கிடந்தாலும் அது நமக்கு எட்டாது.

1969-இல் மனிதன் நிலவில் நடந்த காட்சியை மூல வடிவில் ஏந்திய அப்பல்லோ 11 டேப்புகளை நாசா பல ஆண்டுகள் தேடியது. அவையும் மற்ற டேப்புகளோடு அழிக்கப்பட்டு மறுபடி பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009-இல் அறிவித்தது. அங்கேயே நடந்தது என்று சொல்லி எங்களால் தப்பிக்க முடியாது. 2011 பிப்ரவரியில் மென்பொருள் பிழையால் ஜிமெயில் பயனர் சிலரின் அஞ்சல்கள் காணாமல் போனபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. டேப் கைவிடுவதில்லை, காத்தவர்களுக்கு.

நான்காவது தவறு பழைய டிரைவை விட்டது. எல்டிஓ-7 வரையிலான டிரைவுகள் தமக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படிக்கும். எல்டிஓ-8 ஒரு தலைமுறை மட்டுமே பின்னால் போகும். எல்டிஓ-8 வாங்கிய உற்சாகத்தில் பழைய டிரைவைக் காயலான் கடைக்குப் போட்டோம். பீரோவில் இருந்த எல்டிஓ-5 அத்தனையும் அன்றே ஊமையாகிவிட்டன. அதை அறிந்துகொள்ள எங்களுக்கு ஒரு பெரியவர் படியேறி வர வேண்டியிருந்தது.

இத்தனைக்கும் வேர் ஒன்று. பேக்கப் எடுக்கும் ஒவ்வொரு இரவும் "பேக்கப் முடிந்தது" என்று மின்னஞ்சல் வரும். அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று படுத்தோம். இத்தனை ஆண்டுகளில் ஒரு முறையாவது ஒரு டேப்பை எடுத்து ஒரு கோப்பை ரீஸ்டோர் செய்து பார்த்தோமா என்று கேட்டபோது அறை அமைதியாக இருந்தது. எழுதுவதை மட்டும் வேலை என்று கொண்டோம். வாசித்துப் பார்ப்பதை யாரும் யாருக்கும் ஒதுக்கவில்லை. டேப் மாற்றும் பொறுப்பைக் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுத்தோம், சொல்லிக் கொடுக்கவில்லை. பணம் தரவில்லை என்று நிர்வாகத்தைக் குறை சொல்லவும் வழியில்லை. டேப் வேண்டும், பீரோவை இடம் மாற்ற வேண்டும் என்று நாங்கள் எழுதிக் கேட்ட ஒரு கடிதம்கூடக் கோப்பில் இல்லை.

எல்டிஓ-7 டிரைவ் ஒன்றை இரவல் வாங்கி எல்லா டேப்புகளையும் ஒவ்வொன்றாக ஓட்டினோம். படித்தவற்றை உடனே புதிய டேப்புக்கு மாற்றினோம். இப்போது ஒவ்வொன்றுக்கும் பார்கோடும், பதிவேட்டில் ஒரு வரியும் உண்டு. பதிவேட்டின் அச்சுப் பிரதி டேப்போடு இல்லாமல் வேறிடத்தில் இருக்கிறது. கீழே விழுந்த டேப்பைப் பதிவேட்டில் குறித்து, பிரதி எடுத்து, ஒதுக்கிவிடுகிறோம். மாதம் ஒரு டேப்பைக் குலுக்கல் முறையில் எடுத்து ரீஸ்டோர் செய்து, பார்த்தவர் கையெழுத்திடுகிறார். புதிய டிரைவ் வாங்கினால் பழைய டேப்புகள் இடம் மாறி முடியும்வரை பழைய டிரைவ் வெளியே போகாது.

பெரியவரின் ஆறு மாதங்களில் மூன்றுதான் டேப்பிலிருந்து கிடைத்தன. மீதி மூன்றும் நாங்கள் மேலே எழுதிய டேப்பில் இருந்தவை. நேரில் சொல்லி மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். எதுவும் பேசாமல் உள்ளே போய் ஒரு மஞ்சள் பையைக் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் சம்பளச் சீட்டுகள். ஆண்டுவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டின் மேலும் பென்சிலில் ஆண்டு எழுதியிருந்தார். 2012-இன் கட்டு 2015 வெள்ளத்தில் நனைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்துப் பார்த்ததில் இரண்டு மாதங்கள் படிக்கும்படி இருந்தன. அதில் ஒன்று எங்களிடம் இல்லாத மாதம்.

இன்னும் இரண்டு மாதங்கள் இல்லை. அவை எங்கள் கைகளில் அழிந்தவை என்று நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்து, ஏழு பேரும் கையெழுத்திட்டோம். அந்தக் கடிதத்தின் நகல் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது. புதிதாகச் சேர்பவர் அதைப் படித்த பிறகுதான் டேப்பைத் தொடுகிறார்.