சிக்குக்கு மருந்து கத்தரிக்கோல் அல்ல!

நீளமாக முடி வளர்க்க ஆசைப்படுகிற பெண் குழந்தைகள் பலர், அந்த ஆசையைப் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். ஏன் தெரியுமா? காலை ஏழரை மணிக்கு வீட்டில் நடக்கிற யுத்தம்தான் காரணம்!

பிள்ளையார்பாளையத்தில் என் வைத்தியசாலைக்கு ஜூன், ஜூலை மாதங்களில் வருகிற அம்மாக்கள் சொல்வதை அப்படியே தருகிறேன். "சீப்பை எடுத்தாலே அழுவுறா சார். வேன் வந்துடுமேன்னு நானும் இழுத்து இழுத்து வாரறேன். கொத்துக் கொத்தா கையோட வருது. பேசாம கழுத்தோட வெட்டிடலாம்னு அவங்கப்பா சொல்றாரு. ஏதாச்சும் தைலம் இருந்தா குடுங்க சார்."

தைலம் இருக்கிறது, தரலாம். ஆனால் அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிக்கு என்பது வியாதி இல்லை. 'பித்தம் ஏறிடுச்சு', 'உடம்புச் சூடு', 'இவளுக்குப் பாட்டி வழி முடி' என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு வந்த நானே சொல்கிறேன். பித்தத்தை இதில் இழுக்காதீர்கள்! சுருட்டை முடி கொஞ்சம் கூடுதலாகச் சிக்கும் என்பது உண்மைதான். மற்றபடி தலைக்குக் குளிப்பாட்டுகிற விதத்திலும், உலர்த்துகிற விதத்திலும், வாருகிற விதத்திலும்தான் சிக்கு உண்டாகிறது. மூன்றுமே நம் கையில் இருப்பவை.

ஒரு முடியை எடுத்து நுனியிலிருந்து வேரை நோக்கி இரண்டு விரலால் உருவிப் பாருங்கள். சொரசொரவென்று தட்டும். வேரிலிருந்து நுனிக்கு உருவினால் வழுக்கிக்கொண்டு போகும். முடியின் மேல்தோல், கூரையில் ஓடு வேய்ந்த மாதிரி அடுக்கடுக்கான செதில்களால் ஆனது. செதில்கள் எல்லாம் நுனியைப் பார்த்துப் படிந்திருக்கும். அவை படிந்திருக்கும்வரை ஒரு முடி இன்னொரு முடிமேல் வழுக்கும். தூக்கிக்கொண்டால் ஒன்றோடு ஒன்று மாட்டும். அதுதான் சிக்கு.

இதில் கவனிக்க வேண்டியது முடியின் வயசு. முடி மாதத்துக்குச் சுமார் 1 முதல் 1.25 செ.மீ. வரைதான் வளர்கிறது. உங்கள் பெண்ணின் பின்னல் 60 செ.மீ. இருந்தால், அதன் நுனிக்கு நாலு அல்லது ஐந்து வயசு ஆகிறது. வாரம் இரண்டு முறை தலைக்குக் குளித்திருந்தால் நானூறு, ஐந்நூறு குளியலைப் பார்த்த முடி அது! வேர்ப்பக்கம் பட்டாக இருந்து நுனிப்பக்கம் தேங்காய் நாராக இருந்தால் ஆச்சரியம் என்ன?

பட்டு என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வந்துவிடுகிறது. பட்டும் முடியும் ஒரே இனம், இரண்டும் புரதம். பட்டில் இருப்பது ஃபைப்ராயின், முடியில் கெரட்டின். கூட்டிலிருந்து எடுத்த பட்டு நூலில் செரிசின் என்ற பசை இருக்கும். சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து அதை நீக்குவார்கள். காரம் கொஞ்சம் கூடினாலும் நூல் நொந்துவிடும் என்பது சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் பையனுக்குக்கூடத் தெரியும். அதே வீட்டில் குளியல் சோப்பை அப்படியே பெண்ணின் தலையில் தேய்க்கிறார்கள்! அதுவும் காரம்தானே? சாதாரண சோப்பின் பி.எச். அளவு 9, 10 என்று இருக்கும். செதில் தூக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

தறியில் இழை சிக்கினால் யாராவது வெடுக்கென்று இழுப்பார்களா? விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் முடிச்சைத் தளர்த்தி, மெல்லப் பிரிப்பார்கள். பாவு நூலைக் கஞ்சித் தண்ணீரில் தோய்த்துக் காயவைப்பதும் இழை பிசிறாமல் படிந்து நிற்கத்தான். சேலையில் இழை அறுந்தால் கூலியில் கை வைத்துவிடுவார்கள் என்ற பயம் இருக்கிறது. தலையில் அறுந்தால் கேட்க யார் இருக்கிறார்கள்?

சரி, குளியலுக்கு வருவோம். முதலில் தண்ணீரைப் பாருங்கள். வெந்நீர் அண்டாவின் உள்பக்கம் வெள்ளையாகப் படிகிறதா? சோப்பு நுரைக்க மறுக்கிறதா? அப்படியென்றால் உங்கள் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் கணக்குப்படி குடிநீரில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்தத் தண்ணீரில் சோப்பு போட்டால் அழுக்குப் போவதற்குப் பதில் பிசுக்கு ஒன்று உண்டாகி முடிமேல் ஒட்டிக்கொள்ளும். கடைசி அலசலுக்கு மட்டுமாவது மழைத் தண்ணீரோ நல்ல தண்ணீரோ ஒரு குடம் ஒதுக்குங்கள். அதுவும் இல்லையென்றால், சின்ன வாளித் தண்ணீரில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து வடிகட்டி, கண்ணில் படாமல் ஊற்றி, உடனே அலசிவிடலாம்.

சீயக்காய் நல்லதுதான், ஆனால் நீள முடியில் சீயக்காய்த் தூளைக் குழைத்து அப்பித் தேய்ப்பது எனக்கு உடன்பாடில்லை. அந்தத் திப்பி முடிக்குள் சிக்கிக்கொண்டு, அலசி எடுப்பதற்குள் நாலு முடிச்சு விழுந்துவிடும். தூளை வெந்நீரில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அந்தத் தண்ணீரைப் பயன்படுத்துங்கள். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வருகிற வழவழப்பும், ஊறவைத்து அரைத்த வெந்தயமும் முடியை வழுக்கவைக்கும். வடித்த கஞ்சியையும் நீர்க்க விளாவிக் கலந்துகொள்ளலாம். 'ஷாம்பு போடலாமா டாக்டர்?' என்று பயந்துகொண்டே கேட்கிறவர்களுக்கு: போடலாம். மண்டையோட்டுத் தோலில் மட்டும் தேயுங்கள். நுனிக்கு, வழிந்து வருகிற நுரையே போதும். கண்டிஷனரும் பாவம் இல்லை. செம்பருத்தி இலை செய்கிற அதே வழுக்கும் வேலையைத்தான் அது பாட்டிலில் இருந்துகொண்டு செய்கிறது. சித்த வைத்தியர் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும்.

முடி முழுவதையும் உச்சியில் குவித்துத் துணி கும்முவதுபோலக் கும்முகிறோமே, சிக்குக்கு முதல் வித்து அங்கேதான் விழுகிறது. தொங்குகிற வாக்கிலேயே தேய்த்து, தொங்குகிற வாக்கிலேயே அலச வேண்டும். குளித்து முடித்ததும் துண்டை முறுக்கிப் பட் பட்டென்று அடிப்பதையும் விட்டுவிடுங்கள். ஈர முடி ரப்பர் மாதிரி இழுபடும், சுலபமாக அறும். பழைய ஈரிழைத் துண்டில் சுற்றி ஒற்றி எடுத்தால் போதும். அரைகுறை ஈரத்தோடு ரெட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிப் பள்ளிக்கு அனுப்புவது, நீங்களே சிக்கைக் கட்டி அனுப்பும் வேலை. தலைக்குக் குளிப்பதை முதல் நாள் சாயங்காலத்துக்கோ சனி, ஞாயிறுக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் மனசில் பட்டதைச் சொல்கிறேன். முழங்கால்வரை முடி வளர்கிறது என்று படம் போட்டு விற்கிற எண்ணெய்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மூலிகைப் பெயரை அட்டையில் போட்டுவிட்டால் போதுமா? எண்ணெயின் வேலை வேறு. 2003-ல் ரெலே, மொஹிலே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வில், தேங்காய் எண்ணெய் முடிக்குள் ஊடுருவி, குளிக்கும்போது புரதம் வீணாவதைக் குறைக்கிறது என்று கண்டார்கள். சூரியகாந்தி எண்ணெய்க்கும் மினரல் ஆயிலுக்கும் அந்தக் குணம் இல்லை. அந்த ஆய்வு தேங்காய் எண்ணெய் விற்கும் ஒரு கம்பெனியின் கூடத்தில் நடந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இருந்தாலும், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு நுனிவரை தடவி, தளரப் பின்னிவிடுகிற பாட்டிகளின் பழக்கம் அர்த்தம் இல்லாதது அல்ல.

இப்போது சீப்பு. இதை அவசரமாகப் படிக்காதீர்கள்! நாம் எல்லாரும் உச்சியில் சீப்பை வைத்து ஒரே இழுப்பாகக் கீழே கொண்டு போகிறோம். வழியில் இருக்கிற பத்துச் சின்னச் சிக்கும் ஒன்றாகச் சேர்ந்து நடுமுதுகில் ஒரு பெரிய முடிச்சாக நின்றுவிடுகிறது. அதற்குமேல் பலம்தான். குழந்தை அலறும், முடி அறும். அகலப் பல் சீப்பை எடுங்கள். முடியை நாலு பாகமாகப் பிரியுங்கள். ஒரு பாகத்தை நடுவில் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பிடித்த இடத்துக்கு மேலே இழுப்பு போகாது, வேருக்கு வலி தெரியாது. கடைசி நாலு விரற்கடையை முதலில் வாருங்கள். அது வழுக்கிப் போனதும் இன்னும் நாலு விரற்கடை மேலே. இப்படியே ஏறி ஏறிக் கடைசியில்தான் உச்சி. முடிச்சு வந்தால் சீப்பைக் கீழே வைத்துவிட்டு விரலுக்கு வேலை கொடுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் தொட்டு, முடிச்சைப் பக்கவாட்டில் அகற்றி, ஒவ்வொரு முடியாக உருவுங்கள். முதல் வாரம் இருபது நிமிஷம் ஆகும். பிறகு ஐந்து நிமிஷம்தான்.

'கொத்துக் கொத்தா வருது' என்ற பயத்துக்கும் பதில் இருக்கிறது. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி. நாளுக்கு 50 முதல் 100 வரை தானாக உதிர்வது இயற்கை. பின்னலுக்குள் உதிர்ந்தது வெளியே விழ வழியில்லாமல் உள்ளேயே கிடந்து சிக்குக்குக் கயிறாகிறது. மூன்று நாள் வாராமல் இருந்துவிட்டு நாலாவது நாள் சீப்பு வைத்தால் மூன்று நாள் கணக்கும் சேர்ந்து வராதா? தெருவில் 'தலைமுடிக்குப் பாத்திரம்' என்று கூவிக்கொண்டு வருவார்களே, அந்தச் சிக்குமுடியைக் கர்நாடகத்தின் கொப்பல் பக்கத்திலும் மியன்மாரிலும் பெண்கள் உட்கார்ந்து, விரலாலும் ஊசியாலும் இழை இழையாகப் பிரித்து ஏற்றுமதிக்குத் தயார் செய்கிறார்கள். குப்பையில் போன முடிக்கே இவ்வளவு பொறுமை கிடைக்கிறது!

பாய்கட்டிலிருந்தோ திருத்தணி மொட்டையிலிருந்தோ வளர்க்கத் தொடங்கிய பெண்களுக்குக் கழுத்தளவு வரும்போதுதான் சோதனை. பின்ன வராது, சட்டைக் காலரில் உராய்ந்துகொண்டே இருக்கும். இந்தச் சமயத்தில் துணி சுற்றிய பேண்ட் போட்டு இரண்டாகக் கட்டுங்கள். மொட்டை ரப்பர் பேண்ட் வேண்டவே வேண்டாம். இரவில் தளர்ந்த பின்னலோடு படுக்கட்டும். 'தலைவிரிகோலமா படுக்காதே' என்று பெரியவர்கள் சொன்னதில் சாஸ்திரத்தோடு சௌகரியமும் இருக்கிறது.

சிக்குக்குப் பயந்து பியூட்டி பார்லரில் முடியை நீட்டிவிடச் சொல்கிற கல்லூரிப் பெண்கள் இப்போது அதிகம். அந்த க்ரீம்கள் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு உண்டு. கிளையாக்ஸிலிக் அமிலம் சேர்ந்த வகைகளைப் பூசிய பிறகு சிறுநீரகம் பாதிக்கப்பட்ட பெண்களைப் பற்றி 2023, 2024-ல் இஸ்ரேல், பிரான்ஸ் நாட்டு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஒரு முடிச்சை அவிழ்க்க இவ்வளவு விலையா?

பேன் இருந்தால் சொறிந்து சொறிந்தே சிக்கு விழும். அங்கே பேன் சீப்பும், மருத்துவர் சொல்கிற மருந்தும் வேண்டும். சீத்தாப்பழ விதையை அரைத்துத் தலையில் பூசும் வழக்கத்தை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கண்ணில் பட்டால் கருவிழியைப் புண்ணாக்கிவிடும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படுகிற விஷயம். காய்ச்சலிலோ, பிரசவத்துக்குப் பிறகோ, மனச்சோர்விலோ பல நாள் வாராமல் கிடந்த தலை ஒரேயடியாகத் திரண்டு கட்டியாகிவிடும். உடனே 'சாமி சடை இறங்கியிருக்கு, கத்தி படக்கூடாது, வெட்டினா வீட்டுக்கு ஆகாது' என்று யாராவது சொல்லிவிடுவார்கள். போலந்து நாட்டிலும் இதே பயம் இருந்தது. திரண்ட முடியை வெட்டினால் நோய் வரும் என்று நம்பினார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் க்ராக்கோ நகரத்து மருத்துவர் யூசெஃப் டீட்டல் அதை எதிர்த்துப் போராடினார். 1866-ல் அந்த நகரத்துக்கே தலைவரானார். நம் நாட்டில், டாக்டர் நரேந்திர தபோல்கர் தொடங்கிய மகாராஷ்டிர மூடநம்பிக்கை ஒழிப்புச் சமிதியைச் சேர்ந்த புனே நந்தினி ஜாதவ், இப்படிச் சடையைச் சுமந்து திரிந்த நூற்றுக்கு மேற்பட்ட பெண்களிடம் பேசிப் பேசிச் சம்மதிக்கவைத்து அதை நீக்கியிருக்கிறார்.

விரும்பிச் சடை வளர்க்கிற பக்தர்களைப் பற்றி நான் பேசவில்லை, அது அவர்கள் இஷ்டம். பயந்துகொண்டு சுமக்கிற பெண்ணைப் பற்றித்தான் பேசுகிறேன். அந்தக் கட்டிக்குக் கீழே தோலைக் கழுவ முடியாது. புண், பேன், நாற்றம், கழுத்து வலி எல்லாம் வரும். முடிக்கு உயிர் வேர்வரைதான். வெளியே இருப்பதை வெட்டினால் ரத்தம் வராது, கண் போகாது, வீட்டுக்கும் ஒன்றும் ஆகாது. புதிதாகத் திரண்டதென்றால் எண்ணெயில் ஊறவைத்து இரண்டு மூன்று நாள் உட்கார்ந்து பிரித்துவிடலாம். கெட்டியாகிவிட்டதென்றால் நானே கத்தரிக்கோலை எடுக்கச் சொல்வேன். பெண்ணின் சம்மதத்தோடு மட்டும்.

வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கிற பாட்டிக்கும் இதே கதிதான் நேர்கிறது. பின்தலை தலையணையில் உராய்ந்து உராய்ந்து திரண்டுபோக, பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். எண்பது வருஷம் கொண்டை போட்டவர், பேசாமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அன்றைக்கே, பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கும் சரி, ஆபரேஷனுக்குப் போகும் மாமியாருக்கும் சரி, முடியை இரண்டாகப் பிரித்து, காதுக்குப் பக்கத்திலிருந்து தளர்வாகப் பின்னி, முன்பக்கம் தோளில் போட்டுவிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அவிழ்த்து, நுனியிலிருந்து வாரிவிட்டு, மறுபடி பின்னுங்கள். பையில் பிளாஸ்க், டம்ளர், துண்டு எடுத்து வைக்கும்போது ஒரு அகலப் பல் சீப்பும் சேர்த்து வையுங்கள்.