பல்மானி சொன்ன அரைப்பொய்

சென்ற கிழமை எம் வீட்டு இணைய ரூட்டர் ஒளிர்வதும் அணைவதுமாய் இருந்தது. மறுநாள் மகளுக்கு இணையவழித் தேர்வு. பல்மானியை நேரோட்ட 20 வோல்ற்று நிலைக்குத் திருப்பி, அடப்டர் முனையின் உட்புறத்திலும் வெளிவளையத்திலும் வைத்தேன். குறைவின்றி 12 காட்டிற்று. ரூட்டரே பழுதென்று புதியதொன்று வாங்கப் புறப்பட்டேன். நல்லவேளையாகப் பழைய மோட்டார் வண்டி விளக்கொன்று நினைவுக்கு வந்தது. 12 வோல்ற்று, 5 வாற்று. அதனை அடப்டருடன் இணைத்து மீண்டும் அளந்தேன். மானி 7க்கு இறங்கிற்று!

சுமையில்லாதவன் நிமிர்ந்துதான் நிற்பான், நேயர்களே. மூட்டையை ஏற்றினாலன்றோ தளர்ச்சி தெரியும்? அடப்டரினுள் மின்னழுத்தத்தைச் சமன்செய்யும் கொள்ளளவி நாட்பட உலர்ந்து வலுவிழந்தால் இவ்வாறு நேர்வதுண்டு. திருத்துவோமென்று அதனைத் திறந்துவிடாதீர்கள். வீட்டு மின்சாரமாகிய 230 வோல்ற்று, உள்ளே சீராக்கப்பட்டதும் ஏறத்தாழ 325 ஆகிறது. செருகியைக் கழற்றிய பின்னும் சிறிதுநேரம் தங்கியிருக்கும். அதே வோல்ற்றும், அம்பியரில் குறையாமையும், அதே நேர், எதிர் முனை ஒழுங்கும் உள்ள வேறொன்றை வாங்குவதே முறை.

அன்று மாலையே வாங்கிவிட்டேன். இத்தனைக்கும், அந்த விளக்கை வீசிவிடும்படி இல்லாள் மும்முறை பணித்திருந்தாள்!