சுங்கம் கட்டாத ஆதர்சங்கள்

ஓவியக் கண்காட்சி என்றால் கூடவே ஒரு கேட்லாக் என்று ஆகிவிட்டது. ஓவியரின் புகைப்படம், அவர் போய்வந்த முகாம்களின் ஜாபிதா, அதற்கும் கீழே அவருக்கு ஆதர்சமாக இருக்கும் சமகால ஓவியர்கள், கட்டிடக் கலைஞர்கள் என்று ஒரு பத்தி. அந்தப் பத்தியில் வரும் பெயர்களை இப்போதெல்லாம் படிக்காமலே சொல்லிவிடலாம். ஆன்செல்ம் கீஃபர் இருப்பார். அனிஷ் கபூர் இருப்பார். கட்டிடக்கலை வரைக்கும் கை நீளுகிறவர்களுக்கு டடாவ் ஆண்டோ. மைலாப்பூரில் வரைகிறவருக்கும் இவர்கள்தான். ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் வரைகிறவருக்கும் இவர்கள்தான்.

இந்தப் பெயர்கள் மீது எனக்கு விரோதம் எதுவும் இல்லை. பெயர் சொல்லப்படுகிற விதத்தோடுதான் சண்டை. ஒருவரைத் தன் ஆதர்சம் என்று சொல்வது கடனை ஒப்புக்கொள்வது. என்ன வாங்கினோம், வாங்கியதை வைத்து என்ன செய்தோம் என்பதற்குக் கணக்கு வேண்டும். துறைமுகத்தை ஒட்டி வாழ்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சரக்கு எந்த தேசத்திலிருந்து வேண்டுமானாலும் வரலாம். சுங்கம் கட்டாமல் வெளியே கொண்டுபோனால் அதற்குப் பெயர் வேறு.

கீஃபரையே எடுத்துக்கொள்வோம். 1945-இல், யுத்தம் முடிகிற வருஷத்தில், ஜெர்மனியில் பிறந்தவர். வைக்கோல், ஈயம், சாம்பல் இவற்றையெல்லாம் கான்வாஸில் ஏற்றியவர். வட சென்னையை வரைகிறவர்களுக்கு இவர் கைக்கு வாகாக அமைந்துவிட்டார். எண்ணூரில்தான் வேண்டுமட்டும் சாம்பல் கிடக்கிறதே! கனமாக அப்பிய சாம்பல் நிறம், தாழ்ந்த தொடுவானம், தூரத்தில் இரண்டு புகைபோக்கிகள், நடுவில் விரிசல் விட்ட சேறு. படம் தயார். பார்க்கிறவர் நெஞ்சில் கனமாக ஏதோ இறங்குகிறது. பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த படத்துக்கு நகர்கிறார்.

அந்தப் பெருமூச்சுதான் எனக்கு ஆட்சேபம். கீஃபரின் சாம்பல் நடந்து முடிந்த ஒன்றின் மிச்சம். எரித்தவர்களின் தேசத்தில், எரித்தவர்களின் பிள்ளையாகப் பிறந்து, அதை மறந்துவிடக் கூடாது என்பதற்காக அவர் தூக்கிச் சுமப்பது. எண்ணூரின் சாம்பல் நினைவு ஆகவில்லை. நிலக்கரியை எரித்து மிஞ்சுவதைத் தண்ணீரோடு கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். குழாய் உடைந்த இடங்களில் எல்லாம் அது கொசஸ்தலையாற்றில் இறங்கியது. ஆற்றின் தரை மேடாயிற்று. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி இறாலும் நண்டும் பிடித்த காட்டுக்குப்பத்துக்காரர்களின் கால் சாம்பலில் புதைந்தது. 1970-இல் தொடங்கிய பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது வாஸ்தவம்தான். ஆனால் 1994-இல் தொடங்கிய வட சென்னை நிலையம் பெருத்துக்கொண்டே வந்து, 2024 மார்ச்சில் 800 மெகாவாட்டில் அதன் மூன்றாவது கட்டமும் திறந்துவைக்கப்பட்டது. நடந்துகொண்டிருக்கிற ஒரு காரியத்தை, அதற்குப் பொறுப்பானவர்கள் நம்மிடையே இருக்கும்போதே, இரங்கற்பா ஆக்கிவிடுகிறது அந்தக் கடன் வாங்கிய சாம்பல். குற்றம் ஒரு மனநிலையாக மாறிவிடுகிறது. மனநிலைக்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனைக்கும் கீஃபரிடம் கற்றுக்கொள்ள வேறொன்று இருக்கிறது. 1983-இல் அவர் வரைந்த 'சூலமித்' என்ற படம். வில்ஹெல்ம் க்ரைஸ் என்று நாஜி ஆட்சியின் கட்டிடக் கலைஞர் ஒருவர். ஜெர்மானியப் போர்வீரர்களைப் போற்றுவதற்காக பெர்லினில் ஒரு மண்டபத்துக்குத் திட்டம் போட்டார். அது கட்டப்படவே இல்லை. அதன் நிலவறையைத்தான் கீஃபர் வரைகிறார். தாழ்ந்த வளைவுகள், கரி படிந்த செங்கல், எதிர்க்கோடியில் சின்னதாக நெருப்பு. பால் செலான் கவிதையில் வரும் யூதப் பெண்ணின் பெயரைப் படத்துக்கு இடுகிறார். கொன்றவர்களுக்கான மண்டபம், ஒரு கல்கூட மாறாமல், கொல்லப்பட்டவர்களுக்கு உரியதாகிவிடுகிறது. ஓவியன் ஒரு கட்டிடக் கலைஞரால் பாதிக்கப்படுவது என்றால் இது. எதிராளியின் வளைவுகளை வரைந்து, எதிராளியிடமிருந்து கட்டிடத்தைப் பிடுங்குவது. இந்தச் சண்டையை நம்மவர்கள் இறக்குமதி செய்யவில்லை. சாம்பலை மட்டும் இறக்கிக்கொண்டார்கள்.

சரி, வெளியே பார்க்காதே, உள்ளூரைப் பார் என்கிறாயா என்று கேட்பார்கள். மண்வாசனைக்காரர்கள் இதற்குள் என் பக்கம் வந்து உட்கார்ந்திருக்கவும் கூடும். அவர்கள் எழுந்துபோகலாம். ராயபுரத்தில் 1856-இல் திறந்த ரயில் நிலையத்தின் தூண்கள் எந்த மண்ணின் வாசனை? மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரிக்கு ரோடின் இல்லாமல் அந்தத் தசைகள் ஏது? அவர் ரோடினை எடுத்துக்கொண்டு, ரோடின் செய்யாத ஒரு காரியத்துக்கு, நான்கு பேர் சேர்ந்து ஒரு பாறையை நகர்த்துவதற்கு, அதைப் பயன்படுத்தினார். அதைக் கடன் தீர்த்தல் என்று ஒப்புக்கொள்ளலாம். அந்தச் சிலையோடும் இன்றைக்குத் தகராறு செய்ய வேண்டியிருக்கிறது. கன்டெய்னரை கிரேன் தூக்குகிற, ஆளை கான்டிராக்டில் எடுக்கிற துறைமுகத்தில், உழைப்பு அந்தத் தசைகளாகத் தெரிவதில்லை. அப்படியானால் எப்படித் தெரிகிறது? இந்தக் கேள்வியைக் கான்வாஸில் கேட்டிருந்தால் ராய் சௌத்ரிக்கு நம்மிடம் ஒரு வாரிசு இருந்திருப்பார்.

பெர்ன்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் இன்னொரு உதாரணம். நீர்த்தொட்டிகள், ஊதுலைகள், குளிர்விக்கும் கோபுரங்கள் என்று வாழ்நாள் முழுக்கப் புகைப்படம் எடுத்த தம்பதி. 1990-இல் வெனிஸ் பினாலே அவர்களுக்குச் சிற்பத்துக்கான பரிசைக் கொடுத்தது. மேகம் மூடிய வெளிச்சம், நேர் எதிர்ப் பார்வை, ஆள் நடமாட்டமே இல்லை. ஒரே வகைக் கட்டுமானத்தை வரிசை வரிசையாக வைத்துப் பார்க்கும் அந்தப் பொறுமையை எண்ணூருக்கு வேண்டியமட்டும் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அவர்கள் எடுத்தவற்றில் பல, மூடுவிழா நெருங்கிக்கொண்டிருந்த தொழிற்சாலைகள். அந்த ஆளில்லாமைக்கு அங்கே ஒரு நியாயம் உண்டு. இங்கே கோபுரத்தின் அடிவாரத்தில் வலை வீசிக்கொண்டு நிற்கிறார்கள். ஆளைத் துடைத்துவிட்டுக் கோபுரத்தை மட்டும் வரைந்தால், பெஷர்களின் கறார் நம் கையில் பொய்யாகிவிடுகிறது.

கடல் கடந்துதான் போக வேண்டுமா? தானேயில் சுதீர் பட்வர்தன் இருக்கிறார். பல வருஷங்கள் எக்ஸ்ரே பார்க்கும் டாக்டராக இருந்துகொண்டே புறநகர் ரயிலையும், இரானி ஓட்டலில் உட்கார்ந்திருப்பவரையும், ஆலைகள் போய் மேம்பாலங்கள் வந்த லோயர் பரேலையும் வரைந்தவர். தொழிற்பேட்டையை வரைவதில் உள்ள சிக்கல்கள் எல்லாவற்றையும் நாற்பது வருஷத்துக்கு மேலாக ஒருவர் பக்கத்து மாநிலங்கள் தாண்டிப் போட்டுப் பார்த்திருக்கிறார். நம் கேட்லாக்குகளில் அவர் பெயர் எத்தனை முறை வருகிறது? அவரைச் சொன்னால் உடனே ஒப்பிட்டுவிடுவார்கள் என்ற பயம் காரணமாக இருக்கலாம். கீஃபரோடு யாரும் ஒப்பிட மாட்டார்கள். அவ்வளவு தூரத்தில் இருக்கிற கடன்காரர் வட்டி கேட்டு வருவதில்லை.

ஆண்டோவுக்கு வருகிறேன். மழுமழுவென்ற கான்கிரீட், சென்ட்ரிங் பலகையை இறுக்கிய துளைகள்கூடக் கணக்காக வரிசைப்பட்டிருக்கும். அழகுதான். ஆனால் திருவொற்றியூரிலும் எர்ணாவூரிலும் வளர்கிற ஒரு பையனின் கண்ணைப் பழக்கியது வேறு கான்கிரீட். 1970-இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறிய நிறுவனத்தின் கான்கிரீட். கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்குகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு, கம்பியைவிட அதிக இடம் கேட்கிறது. மேலிருக்கும் சிமெண்ட் வெடித்து விழுகிறது. இந்தப் பகுதியின் சமகாலக் கட்டிடக் கலைஞர் யார் என்றால் இந்த வாரியமும் அதன் டெண்டரும்தான். க்ரைஸின் மண்டபத்தோடு கீஃபர் செய்ததை அந்த மாடிப்படியோடு செய்ய ஆள் உண்டா? திருவொற்றியூர்க் கோயில் விமானத்தை ராஜேந்திர சோழன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பிய ரவி என்ற வீரசோழத் தச்சனின் பெயரைக் கல்வெட்டு காப்பாற்றி வைத்திருக்கிறது. அடுக்குமாடிகளுக்கு அப்படிப் பெயர் சொல்கிற வழக்கம் இல்லை. அதனாலேயே அங்கே ஓவியனுக்கு வேலை அதிகம்.

இது நடக்காத காரியமும் இல்லை. 2017 ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா எண்ணூரில் நின்று, கபேர் வாசுகி எழுதிய புறம்போக்குப் பாட்டைப் பாடினார். ராகமாலிகை பழையது, பாஷை மெட்ராஸ் பாஷை. வசவாகிப் போன ஒரு சொல், எல்லோருக்கும் பொதுவான நிலம் என்ற தன் பழைய அர்த்தத்தைத் திரும்பப் பெற்றது. கச்சேரி மேடையின் சங்கீதமும் அதற்குப் பிறகு பழைய இடத்தில் இல்லை. சுங்கம் கட்டுவது என்று நான் சொல்வது இதைத்தான். சங்கீதத்தில் முடிந்தது ஓவியத்தில் ஏன் முடியவில்லை?

இதில் எழுதுகிறவர்களுக்கும் பங்கு உண்டு. எழுபதுகளில் ஆதிமூலமும் பாஸ்கரனும் சிறுபத்திரிகைகளுக்குக் கோடு வரைந்து கொடுத்தார்கள். அந்த உறவின் இன்றைய வடிவம், கண்காட்சிக்கு எழுத்தாளர் ஒரு பாராட்டுப் பத்தி எழுதிக் கொடுப்பது. ஆதர்சங்களின் ஜாபிதா பல சமயம் அங்கேதான் தயாராகிறது. எழுதிக் கொடுப்பவர் கேட்க வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு பெயரைச் சொல்லுங்கள், அவரோடு எந்த இடத்தில் உங்களால் ஒத்துப்போக முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். அதற்குப் பதில் வராவிட்டால் பத்தியை எழுத வேண்டாம். படங்களும் இன்னும் கொஞ்ச நாள் ஓவியர் வீட்டுச் சுவரிலேயே இருக்கட்டும்.