ஆற்றங்கரை எவ்வளவு கரைந்தது?

மதகடிப்பட்டிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் செல்வோர் சங்கராபரணி ஆற்றைக் கடந்தாக வேண்டும். செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் இந்த ஆறு ஆண்டில் பல மாதங்கள் வறண்டு கிடக்கும். வடகிழக்குப் பருவமழையிலோ அதன் வேகமே வேறு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. சங்கராபரணியில் வெள்ளம் பெருக்கெடுத்தது.

இத்தகைய வெள்ளம் வடிந்தபின் கரையோர விவசாயியைக் கேட்டால், "நிலம் கொஞ்சம் ஆற்றோடு போய்விட்டது" என்பார். 'கொஞ்சம்' என்றால் எவ்வளவு? அது தெரியாவிட்டால், எந்தக் கரையை முதலில் பலப்படுத்துவது என்பதை ஊகித்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

நிலத்தின் மேடுபள்ளத்தை விண்ணிலிருந்தே அளக்கலாம் என்பதை நீங்கள் அறிவீர்கள். 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்வெளி ஓடம் 11 நாட்களில் உலக நிலப்பரப்பின் பெரும்பகுதியை ரேடாரால் அளந்தது. 2005 மே 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட நமது கார்ட்டோசாட்-1, இரு கண்களால் நாம் ஆழத்தை உணர்வதுபோல, இரண்டு கேமராக்களால் உயரத்தைக் கணிக்க உதவியது. இவை பெரும் சாதனைகளே. ஆனால் இவற்றிலிருந்து பொதுவாகக் கிடைக்கும் வரைபடங்களில், சுமார் 30 மீட்டர் பக்கமுள்ள ஒரு சதுரத்துக்கு ஒரே ஓர் உயரம்தான் குறிக்கப்பட்டிருக்கும். 3 மீட்டர் அகலமுள்ள ஓடை அதில் மறைந்துவிடும்.

இன்னும் நுட்பமாக அளக்க, விமானத்திலிருந்தோ டிரோனிலிருந்தோ லேசர் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்பி வரும் நேரத்தைக் கணக்கிடுகிறார்கள். நேரத்தில் ஒரு நானோ நொடி பிழைத்தால் தூரத்தில் 15 செ.மீ. பிழைக்கும். ஏன் 30 இல்லை? ஒளி போய்த் திரும்புகிறதல்லவா!

ஆனால் எவ்வளவு துல்லியமானாலும் ஒரு வரைபடம் அரிப்பைக் காட்டாது என்பதே என் கருத்து. அரிப்பு என்பது இரண்டு வரைபடங்களின் வித்தியாசம். மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என ஆண்டுதோறும் அளக்க வேண்டும். 3 மீட்டர் உயரமுள்ள கரை, 100 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் உள்வாங்கினால் 300 கன மீட்டர் மண் போய்விட்டது என்று பொருள். டிராக்டர் பெட்டி ஒன்றுக்கு 3 கன மீட்டர் என்று கொண்டால் அது 100 லோடு! அந்த மண்ணில் ஒரு பகுதி கீழே போய்ப் படிந்து வாய்க்காலையும் ஏரியையும் தூர்க்கும்.

அரசு அளக்கட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கொத்தனார் மட்டம் பார்க்கும் நீர் நிரப்பிய பிளாஸ்டிக் குழாய், ஓர் அளவுநாடா, இரண்டு அளவுகோல்கள் போதும். பள்ளி அருகே உள்ள சிறிய ஓடை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அசையாத கல் ஒன்றை அடையாளமாகக் கொண்டு, ஓடையின் குறுக்கே அரை மீட்டருக்கு ஓர் உயரம் குறியுங்கள். செப்டம்பரில் ஒருமுறை, நீர் வடிந்தபின் ஜனவரியில் ஒருமுறை, ஆசிரியர் துணையுடன் அளங்கள். கரை விளிம்பில் மட்டும் நிற்காதீர்கள், அது சரியக்கூடும்.

இரண்டு கோடுகளையும் ஒரே வரைபடத்தாளில் வரையுங்கள். இடைவெளியில் உள்ள கட்டங்களை எண்ணுங்கள். 'கொஞ்சம்' என்ற சொல்லுக்குப் பதிலாக, உங்கள் ஊருக்கு முதன்முதலாக ஓர் எண் கிடைக்கும்.