வெயிலில் வேலை, கூலி குறையாத ஓய்வு: எங்கள் நிலைப்பாடு

பங்குனி பிறந்ததும் ஆண்டுதோறும் ஓர் அறிவுரை வந்துவிடுகிறது. பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியே வராதீர்கள், மோரும் இளநீரும் நிறையக் குடியுங்கள், பருத்தி ஆடை உடுத்துங்கள். இதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் தூத்துக்குடி உப்பளத்தில் உப்பு வாருகிற பெண்ணோ, செங்கல் சூளையில் ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி பேசி முன்பணம் வாங்கிவிட்ட குடும்பமோ, அந்த மூன்று மணி நேரம் வீட்டில் இருந்தால் அன்றைய வருமானத்துக்கு யார் பொறுப்பு என்பதை அந்த அறிவுரை சொல்வதில்லை. தொழிலாளர் உடல்நலத்தில் பணியாற்றும் மருத்துவர்களும் செவிலியர்களும் தொழிற்சங்கத்தினரும் சேர்ந்த எங்கள் அமைப்பு, காலநிலை மாற்றத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் பற்றிய பேச்சு இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்று கருதுகிறது. தமிழ்நாட்டில் வெப்பம் முதலில் ஒரு தொழில்சார் ஆபத்து. கூலி குறையாத ஓய்வு, நிழல், குடிநீர், கழிப்பறை ஆகியவற்றைச் சட்டப்படியான உரிமையாக்காத எந்த வெப்பத் திட்டமும் எங்களுக்கு ஏற்புடையதல்ல.

காலநிலை மாறும்போது உடல் கெடுகிற வழிகள் வேறும் உண்டு. மழை தப்பிப் பெய்யும் ஆண்டில் டெங்கு நீள்கிறது, வெள்ளம் வடிந்ததும் எலிக்காய்ச்சல் வருகிறது. இவற்றை எதிர்கொள்வதில் நம் பொதுச் சுகாதாரத் துறைக்கு நீண்ட பழக்கம் இருக்கிறது. வெப்பத்தில் அந்தப் பழக்கம் இல்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலில் வற்றி வற்றிக் கெட்ட சிறுநீரகம் டயாலிசிஸ் பிரிவில் வந்து நிற்கும்போது அதற்கு வெயிலைக் காரணமாக யாரும் எழுதுவதில்லை.

காரணம் காட்ட ஆதாரம் இல்லாமல் இல்லை. 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவன ஆய்வாளர்கள் பரிசோதித்தார்கள். பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. அதே நிறுவனம் 800 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஆய்வில், கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவு அபாயம் மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. விவசாயக் கூலிகளிடையே தமிழகத்தில் நடந்து 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இருபது பேரில் ஒருவருக்கு நாள்பட்ட சிறுநீரக நோய் இருப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம் போன்ற வழக்கமான காரணம் எதுவும் இல்லை என்றும் கண்டது.

உப்பளத்துப் பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை அறியாமை என்று எழுதுகிறவர்கள் ஒருமுறை அங்கே போய் நிற்கட்டும். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி. ஒதுங்க ஒரு புதர்கூடக் கிடையாது. குடித்தால் போக வேண்டும், போக இடமில்லை. அதனால் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றும் கல்லும் அதன் தொடர்ச்சி. வெயிலைத் தவிர்க்கப் பலர் விடியுமுன்பே இருட்டில் வேலையைத் தொடங்குகிறார்கள். அரசு ஆணை எதுவும் இல்லாமல் அவர்களே கண்டுபிடித்துக்கொண்ட தகவமைப்பு அது; விலை, தூக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியபோது சேர்த்துவைத்த உப்பையும் வேலையையும் வெள்ளத்துக்குக் கொடுத்ததும் தூத்துக்குடிப் பக்கத்து உப்பளங்கள்தான்.

அளவுகோலிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் சமவெளியில் வெப்பநிலை 40 டிகிரி செல்சியசையும் கடற்கரையில் 37 டிகிரியையும் எட்டி, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால்தான் பொதுவாக வெப்ப அலை. ஆனால் உடல் தன்னைக் குளிர்விப்பது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஈரம் மிகுந்த கடலோரத்தில் 35 டிகிரியிலேயே வியர்வை வழிந்துகொண்டிருக்குமே தவிர சரியாக ஆவியாகாது. உடலுக்குள் சூடு ஏறும். சென்னையிலும் தூத்துக்குடியிலும் வெப்ப அலை அறிவிக்கப்படாத நாளிலும் மனிதர்கள் சுருண்டு விழுவது அதனால்தான். வெப்பம், ஈரப்பதம், காற்று, நேரடி வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் அளவை உலகெங்கும் தொழில் பாதுகாப்புத் துறையினர் பயன்படுத்துகிறார்கள். வேலையிடங்களுக்கு அந்த அளவையே ஏற்க வேண்டும். கருவிக்கு ஆகும் செலவைக் காட்டி மறுப்பது நொண்டிச் சாக்கு.

தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்ததையும், இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் தர முன்வந்ததையும் வரவேற்கிறோம். ஆனால் சாவுக்குக் காரணம் வெப்பம் என்று காகிதத்தில் வந்தால்தான் அந்தப் பணம் வரும். கட்டட வேலையில் மயங்கி விழுந்து, மருத்துவமனை வாசலில் உயிர்விட்டவருக்கு 'மாரடைப்பு' என்று சான்று எழுதுவது எளிது. எங்கள் துறையினரின் வழக்கமும் அதுவே. உடல் வெப்பநிலையைக்கூடப் பார்த்துக் குறிக்காமல் எழுதப்படும் சான்றுகள் உண்டு. அகமதாபாத்தில் 2010 மே மாதம் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது, ஒவ்வொரு சான்றிலும் என்ன எழுதியிருக்கிறது என்று தேடியதால் தெரியவரவில்லை. மொத்த இறப்புகளை முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டதால் தெரிந்தது. 2013இல் அந்நகரம் தன் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது அதன் பிறகுதான். தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாநகராட்சியும் மார்ச் முதல் ஜூன் வரையிலான கூடுதல் இறப்புகளைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பிறப்பு, இறப்புப் பதிவில் முன்னணியில் இருக்கும் மாநிலத்துக்கு இது பெரிய வேலையல்ல.

மருத்துவமனைகள் செய்ய வேண்டியதும் இருக்கிறது. வெப்ப மயக்கத்தில் வருபவரைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் அவசரத்தில் குளிர்விப்பதை விட்டுவிடுகிறோம். முதலில் குளிர்நீரில் கிடத்த வேண்டும், பிறகுதான் வண்டி. பனிக்கட்டியும் தொட்டியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தால் போதும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இரத்த அழுத்த மாத்திரை வீடு தேடிப் போகிறது. இரத்த அழுத்த மாத்திரைகளில் சிறுநீரைப் பெருக்கும் வகையும் உண்டு. கோடையில் வெயிலில் உழைப்பவருக்கு அது உடல்நீரை மேலும் வற்றவைக்கும். மாத்திரையைத் தானாக நிறுத்திவிடக் கூடாது. ஆனால் சித்திரைக்கு முன்பே மருத்துவர் ஒருமுறை அளவைப் பார்த்துத் திருத்த வேண்டும். மருந்து கொண்டுபோகும் பணியாளர், "வெயில்ல என்ன வேலை பார்க்கறீங்கம்மா?" என்று ஒரு கேள்வி கேட்டுக் குறித்துவந்தாலே பாதி வேலை முடிந்தது.

இவையெல்லாம் தற்காப்பு. சூட்டின் ஊற்று நிலக்கரியும் எண்ணெயும். எண்ணூரில் புகையும் சாம்பலும் சேர்ந்த காற்றைச் சுவாசித்து, கொசஸ்தலையாற்றில் சாம்பல் படிந்ததால் மீன்பாடு இழந்து, அதன் மேல் கோடையையும் தாங்குகிறவர்கள் ஒரே மக்கள். அங்கே 660 மெகாவாட் அனல்மின் விரிவாக்கத்தை நாங்கள் எதிர்க்கிறோம். உள்ளே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளருக்கு மாற்று வேலைக்கான உறுதி எழுத்தில் வராமல் பழைய அலகுகளை மூடச் சொல்லவும் மாட்டோம். இந்த இரண்டில் ஒன்றை மட்டும் பேசுகிறவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை.

இனி சட்டம். கேரளத்தில் ஒவ்வொரு கோடையிலும் தொழிலாளர் துறை, நண்பகல் 12 முதல் 3 வரை வெயிலில் வேலை வாங்கத் தடை விதிக்கிறது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை திறந்தவெளி வேலைக்குத் தடை. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்துக் கணக்கிடும் மேற்சொன்ன அளவு 32.1 டிகிரியைத் தாண்டினால் அங்கே எந்த நேரமானாலும் வேலை நிற்க வேண்டும். நம் ஊர்க் கட்டடத் தொழிலாளிக்குத் தோஹாவில் கிடைக்கும் பாதுகாப்பு தாம்பரத்தில் இல்லை. எல் சால்வடோரில் கரும்பு வெட்டுகிறவர்களுக்கு நிழலும் தண்ணீரும் கட்டாய ஓய்வும் கொடுத்துப் பார்த்தபோது ஒரு நாளில் வெட்டிய கரும்பின் எடை குறையவில்லை, கூடியது. ஓய்வு கொடுத்தால் உற்பத்தி விழும் என்கிற முதலாளிகள் இதைக் கவனிக்கலாம்.

நேரத் தடை மட்டும் போட்டால் தினக்கூலிக்காரர் தப்பிப்பார், துண்டுக்கூலிக்காரர் மாட்டிக்கொள்வார். கல்லுக்கும் சுமைக்கும் கணக்கிட்டுக் கூலி வாங்குகிறவருக்கு ஓய்வு என்பது வருமானக் குறைவு. அவர் காலையில் இரு மடங்கு வேகமாக உழைத்து அதே கேட்டை வேறு நேரத்தில் வாங்கிக்கொள்வார். எனவே கோடை மாதங்களில் துண்டுக்கூலி விகிதத்தை உயர்த்தி, ஓய்வு நேரத்தையும் கூலிக்குள் அடக்க வேண்டும். சிறு குத்தகை உப்பளக்காரரால் முழுச் சுமையையும் தாங்க முடியாது என்பது உண்மை. மழைக்கால வேலையிழப்புக்கு உப்பளத் தொழிலாளருக்கு 5,000 ரூபாய் நிவாரணம் கொடுக்கும் அரசு, அதே வழியில் கோடைக்கும் கொடுக்கலாம். கட்டடத் துறையில் கட்டுமானச் செலவில் ஒரு விழுக்காடு நல வாரியத்துக்காக வசூலாகிறது. வெப்ப நாட்களின் ஊதிய இழப்பை அந்த நிதியிலிருந்து ஈடுசெய்ய வேண்டும். குஜராத்தில் சுயதொழில் பெண்களின் சங்கமான சேவா நடத்தும் வெப்பக் காப்பீடு துணையாக இருக்கட்டும். ஆனால் அதன் தவணையைத் தொழிலாளி தலையில் கட்டும் எந்தத் திட்டத்தையும் ஆதரிக்க மாட்டோம்.

தொழிற்பாதுகாப்பு தொடர்பான மத்தியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. அதன் கீழ் மாநிலம் வகுக்கும் விதிகளில் வெப்ப வரம்பும், ஓய்வும், கூலியும், வேலையிடத்தில் பெண்களுக்குக் கழிப்பறையும் தனி அத்தியாயமாக இடம்பெற வேண்டும். அடுத்த கத்திரி வெயிலுக்கு முன்பே விதி வர வேண்டும். அதை மீறினால் புகார் செய்ய வேண்டிய அதிகாரியின் பெயரும் தொலைபேசி எண்ணும் ஒவ்வோர் உப்பளத்திலும் சூளையிலும் கட்டட வேலையிடத்திலும் தமிழிலும், புலம்பெயர்ந்து வந்தவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் வங்க மொழியிலும் எழுதி ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.